முதல் வார்டைத் தேடும் புதிய தாதிக்கு: பினாங்கிலிருந்து என் அனுபவம்

தாதியர் டிப்ளோமாவின் கடைசித் தேர்வை எழுதிவிட்டால் அடுத்த மாதமே சீருடை அணிந்து வார்டில் நிற்கலாம் என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். நடைமுறை வேறு. மலேசியாவில் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ், மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேற வேண்டும். வாரியத்தில் பெயரைப் பதிய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கிற தொழில் அனுமதிச் சான்றிதழையும் வாங்க வேண்டும். அதன் பிறகே ஒருவர் பதிவு பெற்ற தாதியாக வேலை செய்யலாம். கல்லூரி முடிந்த நாளுக்கும் அந்தச் சான்றிதழ் வரும் நாளுக்கும் நடுவே மாதங்கள் ஓடுகின்றன. பலர் மனம் தளர்வது அந்த இடைவெளியில்தான். "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்று கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கேட்பவர்களுக்கு வாரியம், பதிவு, சான்றிதழ் என்று விளக்கி மாளாது.

நான் பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள பிறை நகரில் வளர்ந்தவள். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் ஷிப்ட் வேலை பார்த்தவர். பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனில்தான் படித்தேன். ஆகவே வீட்டில் பணத்தின் அவசரம் இருந்தது. இருந்தும் முதலில் வந்த வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னோடு படித்தவர்களில் நல்ல கைத்திறனும் கனிவும் உள்ள சிலர், முதல் ஆண்டு முடிவதற்குள் இந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார்கள். இரவு ஷிப்டில் கேள்வி கேட்க ஆளில்லாமல் தனியாக நிறுத்தப்பட்டதுதான் அவர்களை ஒடித்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

காத்திருந்த மாதங்களில் பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். பதிவு எழுதுவது, மருந்து உறையில் பெயரும் நேரமும் குறிப்பது போன்ற வேலைகள். பதிவு பெறாதவர் தாதியின் வேலையைச் செய்யக் கூடாது, நானும் செய்யவில்லை. ஆனால் அங்கே கிடைத்த பழக்கம் ஒன்று பிறகு பெரிதும் உதவியது. கல்லூரியிலும் அரசு மருத்துவமனையிலும் மருந்துகளை மூலப்பெயரால் அறிந்திருந்தோம். தனியார் இடங்களில் வணிகப் பெயர்களே அதிகம் புழங்குகின்றன. மெட்பார்மின் என்று படித்தது அங்கே குளுக்கோபேஜ். அம்லோடிபின் நார்வாஸ்க், புரூசிமைடு லாசிக்ஸ், குளோபிடோகிரல் பிளாவிக்ஸ். ஆக்மென்டின் என்றால் அமோக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது, அதாவது பென்சிலின் குடும்பம். ஒரு சிறிய நோட்டில் இரண்டு பெயர்களையும் எழுதி, எதிரே எதற்காக, என்ன பக்கவிளைவு என்று குறித்து வைத்தேன்.

அதே மாதங்களில் செய்துகொள்ள வேண்டியவை இன்னும் சில. பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தம், 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பதைக் கை மறக்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று ஊசிகளும் போட்ட பதிவைத் தேடி எடுத்துவையுங்கள். ஊசிகள் 0, 1, 6 மாதம் என்ற கணக்கில் போடப்படுவதால், விடுபட்டிருந்தால் நேர்காணலுக்கு முந்திய வாரம் ஓடிச் சரிசெய்ய முடியாது. பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ், கல்லூரி மதிப்பெண் பட்டியல், வாரியக் கடிதங்கள், மருத்துவமனைப் பயிற்சியின் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் நகலெடுத்து வையுங்கள். பதிவேட்டை மட்டும் யாருக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள். எந்தச் செயல்முறையை எத்தனை முறை, யார் மேற்பார்வையில் செய்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விண்ணப்பம் போடுவதில் இரண்டு வழிகள். அரசு மருத்துவமனைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிந்து, அழைப்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தனியாருக்கு ஜாப்ஸ்ட்ரீட் போன்ற தளங்கள் உண்டு. மருத்துவமனைகளின் சொந்தப் பக்கங்களும் உண்டு. முன்பதிவில்லாமல் நேரே போய்க் கலந்துகொள்ளும் நேர்காணல் நாள்களையும் பல மருத்துவமனைகள் நடத்துகின்றன. புதியவர்களுக்கு இந்த நேர்காணல் நாளே மிக நல்லது என்பது என் கருத்து. காகிதத்தில் நாம் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறோம். எதிரே உட்கார்ந்து பேசும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. பினாங்குத் தீவில் தனியார் மருத்துவமனைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஜாலான் பர்மாவில் அட்வென்டிஸ்ட், ஜாலான் மெக்கலிஸ்டரில் ஐலண்ட், ஜாலான் பங்கோரில் கிளேனீகல்ஸ் என்று ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே பல. இந்தோனேசியாவின் சுமாத்திராவிலிருந்து, சிறப்பாக மேடான் நகரிலிருந்து, சிகிச்சைக்கு வருகிறவர்கள் இங்கே ஏராளம். அதனால் ஆளெடுப்பும் ஓயாமல் நடக்கிறது.

நேர்காணலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எனக்குப் பின் படித்துவரும் தங்கைகள் பலர் பயப்படுவது இதற்குத்தான்.

நான் போன இடங்களில் பெரும்பாலும் மூன்று பேர் இருந்தார்கள்: தாதியர் பிரிவின் தலைவர், ஒரு வார்டின் பொறுப்பாளரான சிஸ்டர், மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர். பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் போகும். அறிமுகம், குடும்பம், ஏன் இந்தத் தொழில் என்பதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு சிஸ்டர் பேசத் தொடங்குவார். உண்மையான நேர்காணல் அதுதான்.

ஒரு பைண்ட் உப்பு நீர், அதாவது 500 மில்லிலிட்டர், நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாய் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு வீழ்த்துவது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஐந்நூறை இருபதால் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67, ஆக 42 சொட்டு. வீட்டில் அமைதியாக இருந்து போடும்போது எளிய கணக்கு. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். நான் தினமும் அம்மாவை எதிரில் உட்காரவைத்து உரக்கச் சொல்லிப் பழகினேன். அம்மாவுக்கு மருந்து தெரியாது. ஆனால் நான் தடுமாறினால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆக்மென்டின் எழுதியிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கொடுக்காமல் நிறுத்தி, ஒவ்வாமைக் குறிப்பை மறுபடி பார்த்து, உடனே டாக்டரை அழைத்து, பேசியதைப் பதிவு செய்வேன் என்றேன். டாக்டர் கோபப்பட்டால் என்று அடுத்த கேள்வி வந்தது. கோபப்பட்டாலும் கொடுக்க மாட்டேன், சிஸ்டரிடம் கொண்டுபோவேன் என்றேன். சிஸ்டர் அறிய விரும்பியது இந்த இரண்டாவது பதிலைத்தான் என்று நினைக்கிறேன்.

டெங்கி பற்றிய கேள்வி எங்கே போனாலும் வரும். காய்ச்சல் ஐந்தாம் நாளில் தணிந்துவிட்டது, நோயாளி வீட்டுக்குப் போகத் துடிக்கிறார், நீ என்ன பார்ப்பாய்? காய்ச்சல் இறங்கும் நேரமே டெங்கியின் ஆபத்தான கட்டம். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு, சோர்வு, சிறுநீர் குறைவு. தட்டணுக்கள் சரிய, இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதமான ஹேமட்டோகிரிட் ஏறுவது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் 20 அளவுக்குச் சுருங்குவது. இவற்றை வரிசையாக ஒப்பித்தால் போதாது. இதைக் கண்டால் யாரை எப்போது அழைப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு பாட்டி. பெயரும் இடமும் சொல்லாமல் அவரைப் பற்றி நேர்காணலில் சொன்னேன். நீரிழிவு உள்ளவர். மலாய் அதிகம் வராது. வயிறு சரியில்லை என்று மட்டும் மலாயில் சொல்லியிருந்தார். காலையில் படுக்கையைச் சீர் செய்யும்போது, "என்ன பாட்டி, ராத்திரி தூங்கினீர்களா?" என்று தமிழில் கேட்டேன். அவ்வளவுதான். இரவெல்லாம் நனைகிற அளவுக்கு வியர்த்தது, தாடை கடுக்கிறது, இடது தோள் இழுத்துப் பிடிக்கிறது என்று கொட்டித் தீர்த்தார். நீரிழிவு உள்ளவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுகிற மாதிரி வர வேண்டியதில்லை என்று வகுப்பில் படித்திருந்தேன். நான் மாணவி, நாடி பார்த்தேன், பக்கத்தில் இருந்த தாதியைக் கூப்பிட்டு பாட்டி சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன். உடனே இசிஜி எடுத்தார்கள். பாட்டியை அன்றே இதயப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இதைக் கேட்டதும் எதிரே இருந்த சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குத் தெரியாத மொழி பேசும் நோயாளியாக இருந்தால்?" என்றார். நல்ல கேள்வி. தீவில் ஹொக்கியென் என்ற சீன மொழி மட்டும் பேசும் முதியவர்கள் நிறைய. குடும்பத்தாரையோ மொழி தெரிந்த சக தாதியையோ அழைப்பேன், அதுவரை முகத்தையும் தோலையும் மூச்சையும் பார்ப்பேன் என்றேன். நேர்காணலுக்குப் போகிறவர்கள் இப்படி உண்மையாக நடந்த இரண்டு நிகழ்ச்சிகளையாவது தயார் செய்துகொண்டு போங்கள். என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், பிறகு என்ன ஆயிற்று என்ற நான்கும் அதில் இருக்கட்டும். நோயாளியின் அடையாளம் மட்டும் வெளிப்படக் கூடாது. பொறுமைசாலி, கடின உழைப்பாளி என்று நம்மை நாமே புகழ்வதற்கு அங்கே மதிப்பு இல்லை. தமிழ் தெரியும் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். வார்டில் அது ஒரு கருவி.

இறுதியில் என் முன் மூன்று வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, பெரிய தனியார் மருத்துவமனை; மற்ற இடங்களைவிடச் சம்பளம் கூடுதல். புதியவர்களுக்கு எவ்வளவு காலம் மூத்த தாதி ஒருவரின் பக்கத்துணை இருக்கும் என்று கேட்டேன். "போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள். இரவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்றால் நாளுக்கு நாள் மாறும் என்றார்கள். மாறும்தான், ஆனால் வழக்கமாக எத்தனை என்று எந்தச் சிஸ்டருக்கும் தெரியும். கடிதத்தில் ஒரு பிரிவும் இருந்தது: இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் அறிமுகப் பயிற்சியின் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டும். எவ்வளவு என்ற தொகை எழுதப்படவில்லை. எழுதித் தருமாறு கேட்டேன், தரவில்லை. தொகை இல்லாத பிணைப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா அன்று முகத்தைச் சுளித்தார். இரண்டு நாள் வீட்டில் சரியான பேச்சு இல்லை.

இரண்டாவது, டயாலிசிஸ் நிலையம். உறவினர்கள் எல்லாருக்கும் பிடித்தது அதுதான்: இரவு வேலை இல்லை, ஞாயிறு விடுமுறை, வீட்டுக்குப் பக்கம். ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம்; நாள் முழுக்க அந்தச் சுற்றுகளிலேயே ஓடும். மதிப்புள்ள வேலை அது. சிறுநீரகப் பிரிவில் மேற்பயிற்சி முடித்த தாதிகளிடம் இருக்கும் நுட்பம் வியக்கவைக்கும். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் படித்து வெளியே வந்த உடனே ஒரே வகை நோயாளியிடம் போய்விட்டால், மற்ற வேலைகளில் கை பழகாமலே போய்விடும். பொது வார்டில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு டயாலிசிசுக்குப் போகலாம். அங்கிருந்து திரும்பி வருவது கடினம் என்று மூத்தவர்கள் பலர் சொன்னார்கள்.

மூன்றாவது, நடுத்தர அளவுள்ள ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டு. சம்பளம் முதலாவதைவிட இருநூறு ரிங்கிட் குறைவு. அங்கே நான் கேள்விகளைத் தொடங்கியதும் சிஸ்டர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். முதல் மூன்று மாதம் எந்தத் தாதியுடன் இருப்பேன், எந்தெந்தச் செயல்முறைகளில் அவர் கையெழுத்து வாங்க வேண்டும், எப்போது முதல் இரவு ஷிப்ட் என்று அச்சடித்திருந்தது. மருந்தில் தவறு நேர்ந்தால் இங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன். "முதலில் நோயாளியைப் பார்ப்போம், பிறகு அறிக்கை எழுதுவோம், எங்கே சறுக்கியது என்று எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்" என்றார். நான் சேர்ந்தது அந்த இடத்தில்தான்.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் வசதி நம் குடும்பங்களுக்கு இல்லை. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் வேறு, ஷிப்ட் படி வேறு, மிகைநேரம் வேறு என்று பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக்கு உங்களிடமிருந்து 11 விழுக்காடு பிடிப்பார்கள். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியான சொக்சோ உண்டா என்று பாருங்கள். வேலைச் சட்டத்தின்படி 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வழக்கமான வேலை நேரத்தின் உச்சம். தகுதிகாண் காலம் எவ்வளவு, விலக எத்தனை மாத முன்னறிவிப்பு, சீருடைக்கும் ஆண்டுச் சான்றிதழ் புதுப்பிப்புக்கும் யார் பணம் கட்டுகிறார்கள் என்பனவும் அந்தக் காகிதத்திலேயே இருக்க வேண்டும்.

படிக்கும்போதே மருத்துவமனை ஒன்றின் உதவித்தொகையை ஏற்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வேலை உறுதி. ஆனால் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தாக வேண்டும், வார்டையும் அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதிலும் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்றாம் ஆண்டில் அந்த மருத்துவமனையிலேயே பயிற்சி கிடைத்தால், எந்த வார்டில் மூத்தவர்கள் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கவனித்து வைத்து, அதை விருப்பமாக எழுதிக் கொடுங்கள்.

பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் முன்பே கணக்கிட வேண்டும். பிற்பகல் ஷிப்ட் இரவு ஒன்பதுக்கு முடிகிறது என்றால், வார்டை ஒப்படைத்துவிட்டு வெளியே வர ஒன்பதரை. அங்கிருந்து படகுத்துறைக்கு பஸ், பிறகு பெர்ரி, பிறகு பினாங்கு சென்ட்ரலில் இன்னொரு பஸ். மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர்களும் உண்டு; இரவு முழுக்கக் கண்விழித்த காலையில், மழையில், அந்தப் பாலத்தில் வருவதை என் அப்பா ஒருபோதும் அனுமதிக்கவில்லை; அதில் நானும் அவர் பக்கம்தான். மருத்துவமனையின் தங்கும் விடுதியில் இடம் உண்டா, வாடகை எவ்வளவு என்று நேர்காணல் நாளிலேயே கேட்டுவிடுங்கள். நான் முதல் ஆண்டு விடுதியில்தான் இருந்தேன். பகலில் தூங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது அம்மா: இருண்ட திரை, தொலைபேசி அடுத்த அறையில், இரவு இரண்டு மணிக்குப் பிறகு காப்பி கிடையாது.

வார்டில் என்னைப் பழக்கியவர் ஒரு மலாய்த் தாதி. மலாயில் அக்கா என்ற பொருளில் காக் என்றுதான் கூப்பிடுவேன். மருந்து கொடுக்கும்போது சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பதை வாய்விட்டுச் சொல்லவைப்பார். பொட்டாசியம் குளோரைடைத் தொடும்போது இரண்டு பேர் பார்த்தே ஆக வேண்டும். அதை நீர்த்துக் கலக்காமல் நேராக இரத்த நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம். டாக்டரை இரவில் அழைப்பதற்கு முன் நான்கு வரி எழுதிக்கொள்ளச் சொல்வார்: இப்போது நிலை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். அந்த நான்கு வரியோடு பேசினால் எதிர்முனையில் இருப்பவர் எரிச்சல்பட இடமே இருக்காது. இவற்றைப் புத்தகத்திலும் படித்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் நின்று, மூன்று மாதம் விடாமல் கேட்டதால்தான் அவை என் கைக்கு வந்தன. அந்த இருநூறு ரிங்கிட் வித்தியாசத்துக்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

சேர்ந்த இடம் சரியில்லாமல் போனவர்களும் இதைப் படிக்கலாம். பாதியில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பைக் கொடுங்கள். அதற்கு முன் உங்கள் திறன் பதிவேட்டில் செய்த வேலைகளுக்கெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்கல்விப் புள்ளிகளின் சான்றுகளைப் படியெடுத்து வையுங்கள். ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்க அவை தேவை. பணிச் சான்றுக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுச் சேவை ஆணையத்தில் கொடுத்த விவரங்களையும் அப்போதே புதுப்பித்துவிடுங்கள். அடுத்த நேர்காணலில் ஏன் விலகினாய் என்று கேட்பார்கள். பழைய இடத்தைத் திட்ட வேண்டாம். எனக்கு மேற்பார்வையோடு கூடிய பயிற்சி வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு எதிரே இருக்கும் சிஸ்டர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, அங்கே சேரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.